கோர்மக் தான்சானியாவுக்குத் தயாரான கதை

மழை எப்போது பெய்ய ஆரம்பித்தது என்று ஊரின் மூத்த கிழவருக்கும் தெரியாது. எப்போது நிற்கும் என்று வானொலிக்காரனுக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு ஊரில், மனிதரைவிட மாடுகள் அதிகமாயிருந்த ஒரு காலத்தில், ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். புருஷன் சொல்வார். பெண்டாட்டி கேட்பாள். கேட்பாள் என்றால், கேள்வி கேட்பாள்.

ஊர், அயர்லாந்தின் மேற்குக் கோடியில் மேயோ மாவட்டத்துப் பாலிகர்ரா. பேரிலேயே பால் இருக்கிறது. புருஷன் கோர்மக், பால் சொசைட்டி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி நோரீன், வீட்டுக் கொல்லையில் சீஸ் செய்து சனிக்கிழமைச் சந்தையில் விற்பவள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவில். வீட்டில் இவர்கள் இருவர், நாலு மாடு, கொஞ்சம் கோழி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் சாமியார் ஒரு சேதி சொன்னார். தான்சானியா நாட்டில், ஞோம்பே மலைப்பக்கம், பெண்கள் சேர்ந்து ஒரு பால் சங்கம் நடத்துகிறார்களாம். பால் நிறைய வருகிறது, விற்றது போக மிஞ்சுகிறது, மிஞ்சினது கெட்டுப்போகிறது. சீஸ் செய்யச் சொல்லிக்கொடுக்க, அவர்களோடு ஒரு வருஷம் தங்கியிருக்க ஒரு தொண்டர் வேண்டுமாம். சம்பளம் கிடையாது. தங்க ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு.

கோவில் வாசலில் பக்கத்து வீட்டுப் பட்சி ஆரம்பித்தார். பேர்தான் பட்சி. பிறந்த கூட்டை விட்டுப் பறந்தது கிடையாது. கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை, பெண்ணின் ஊர் பஸ்ஸில் போகிற தூரம் என்று விட்டுவிட்டார்.

"பால் விஷயம்னா நம்ம கோர்மக்தான். ஆனா இவன் எங்க போவான்? லாரியில கூட மாவட்ட எல்லையைத் தாண்டினதில்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோர்மக் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் போறேன்," என்றார்.

சிரிப்பு நின்றது. மழைகூட ஒரு நிமிஷம் நின்றதாகச் சொல்பவர்கள் உண்டு.

பாலிகர்ராவில் ஒரு சொல் வாயை விட்டு இறங்கினால், சொன்னவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அது மூன்று கடை ஏறி இறங்கிவிடும். அப்புறம் அதைத் திரும்ப வாங்க முடியாது. முன்பு ஒருவர் அமெரிக்கா போகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டார். நாற்பது வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் செத்துப் பெட்டியைத் தூக்கும்போதுகூட, "ஒருவழியாக் கிளம்பிட்டாரப்பா," என்றார்கள்.

ஆகவே கோர்மக் போயே ஆகவேண்டும். போகாவிட்டால் பாலிகர்ராவில் இருக்கமுடியாது. இருக்கமுடியாவிட்டால் வேறெங்காவது போகவேண்டும். அதற்கு ஆப்பிரிக்காவே தேவலை.

"நோரீன், நான் ஆப்பிரிக்கா போறேன்."

"சரி. போறப்பக் கோழிக்கூட்டைச் சாத்திட்டுப் போ."

"விளையாடல. ஒரு வருஷம்."

"அங்க போய் என்ன பண்ணுவ?"

"சீஸ் செய்யச் சொல்லிக்கொடுப்பேன்."

"யாருக்குத் தெரியும் சீஸ் செய்ய?"

"நமக்குத் தெரியுமே."

இந்த 'நமக்கு' என்பதில் கோர்மக்கின் பங்கு, சந்தை நாளில் பெட்டியை வண்டியில் தூக்கி வைப்பது. பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, கட்டியானதை அறுத்து, துணியில் கட்டி, கல்லை வைத்து அழுத்தி, பிறகு மாசக்கணக்கில் பிள்ளையைப் புரட்டிப் போடுவது போலப் புரட்டிப் புரட்டி வைப்பது நோரீனின் பங்கு.

நோரீன் அடுப்பைக் கிளறினாள்.

"ஞோம்பே எப்படி இருக்குமாம்?"

"மலையாம். ஒரே பச்சையாம். போட்டோவுல பார்த்தேன், பொம்பளைங்க தலையில பால் வாளியை வெச்சுக்கிட்டு வரிசையா நடந்து வர்றாங்க."

"ம்," என்றாள் நோரீன். பிறகு, "போறதுன்னா சும்மா போயிட முடியாது. பழகணும். பழகுவியா?"

"பழகுவேன்."

"மூஞ்சியைச் சுளிக்கமாட்டியே?"

"சுளிச்சா ஏன்னு கேளு."

"கேப்பேன்."

சண்டைக்கு வாளைத் தீட்டிக்கொண்டு வந்தவனுக்கு எதிராளி நாற்காலி எடுத்துப் போட்டால் எப்படியிருக்கும்? கோர்மக்குக்கு அப்படி இருந்தது. இவ்வளவு லேசாகப் பெண்டாட்டியை மடக்கிய புருஷன் மேயோவிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டு தூங்கப்போனார்.

மறுநாள் நோரீன் கேட்க ஆரம்பித்தாள். இன்னது செய் என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

"அங்க வாஷிங் மெஷின் இருக்குமா, கோர்மக்?"

"எங்கேர்ந்து?"

"அப்ப துணி?"

கோர்மக் கொல்லையில் தொட்டியை வைத்து, கையால் துவைத்தார். தலையணை உறை அடங்கியது. படுக்கை விரிப்பு அடங்கவில்லை. அதோடு அவர் போட்ட மல்யுத்தத்தைப் பார்க்க மாடுகள் வேலியோரம் வந்து நின்றன. கடைசியில் யார் யாரைப் பிழிந்தார்கள் என்பது தெளிவாகத் தெரியவில்லை.

"அங்க பேக்கரி பக்கத்துல இருக்குமா?"

ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார். முதல் ரொட்டியைக் கோழிகளுக்குப் போட்டார்கள். கோழிகள் அதன்மேல் ஏறி நின்று தூரத்தைப் பார்த்தன. போகப்போக ரொட்டி இளகியது.

"அங்க பொழுது விடியறப்பவே பால் கறப்பாங்களாமே?"

மாடு கறந்தார். கோழிக்கூடு கழுவினார். சாணி அள்ளினார். வெளியே மண்கட்டி அடுக்கி நெருப்பு மூட்டி, மக்காச்சோள மாவில் களி கிண்டினார். ஒரு தப்பும் செய்யாமலே களி தின்ற மனிதர் அவர்.

எதற்கும் சளைக்கவில்லை. இடுப்பு வலித்தது, ஞோம்பேயை நினைத்தார். கை வெடித்தது, அமெரிக்கா போகாதவரின் சவ ஊர்வலத்தை நினைத்தார். வலி பறந்துபோனது. வெயில் பழகவேண்டுமே என்று, பட்சி தக்காளி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் தினமும் மத்தியானம் போய் உட்கார்ந்து வெந்தார். தக்காளியும் அவரும் ஒரே சமயத்தில் சிவந்தார்கள்.

சாயங்காலம் பாஷை. போனில் சுவாஹிலிப் பாடம் ஓடும். கோர்மக் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பார். நோரீன் அடுப்போரம் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே அவரைச் சோதிப்பாள்.

"தண்ணிக்கு என்ன?"

"மாஜி."

"பாலுக்கு?"

"அது... வந்து..."

"மஸிவா," என்பாள் நோரீன், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மாவுக்கு அந்த ஊரில் 'மாமா' என்று பெயராம். முறையே தலைகீழாக இருக்கிறதே என்று கோர்மக் திணறுவார். நோரீனுக்கு ஒரு திணறலும் இல்லை. பாவம், எனக்காக எவ்வளவு மெனக்கெடுகிறாள் என்று அவர் உருகிப்போவார்.

ஒரு நாள் பட்சி வந்து எட்டிப் பார்த்தார். கோர்மக் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"அடடா! ஆப்பிரிக்காவுக்குத் தொண்டு செய்யப் போறேன்னான். இங்கயே ஆரம்பிச்சுட்டானே!"

"பேசாம உக்காரு பட்சி. டீ குடிக்கிறியா?"

"ஐயோ வேணாம், வேணாம். இப்பத்தான் குடிச்சேன்."

"அரைக் கப்?"

"எதுக்கு உனக்குச் சிரமம்? வேணாம்பா."

"அட, போட்டாச்சு. குடி."

"சரி, நீ போட்டுட்டியேங்கிறதுக்காக," என்று உட்கார்ந்த பட்சி நாலு கப் டீயும் பாதி ரொட்டியும் முடித்தார்.

எங்கள் பக்கத்தில் இது குழந்தைக்கும் தெரியும். முதல் 'வேணாம்' மரியாதைக்கு. இரண்டாவது 'வேணாம்', கேட்கிறவர் மனசாரத்தான் கேட்கிறாரா என்று பார்க்க. மூன்றாம் முறை கேட்டபிறகுதான் பதில். முதல் தடவையே 'கொடுங்க' என்பவனுக்கு வளர்ப்பு சரியில்லை.

"அங்க இப்படியில்லையாம் பட்சி," என்றார் கோர்மக், கற்றதைக் காட்டும் ஆசையில். "யாராவது சாப்பிடறப்ப நாம போனா 'கரிபு'ம்பாங்களாம். வா, உக்காருன்னு அர்த்தம். உடனே உக்காந்துடணுமாம்."

"ஒரே தடவையிலயா? வெக்கங்கெட்ட வேலையா இல்ல?"

"அதான் அங்க மரியாதையாம்."

"வேணாம்னு சொல்லிட்டா?" இது நோரீன்.

"வேணாம்னுதான் எடுத்துப்பாங்க. மறுபடி கேக்கமாட்டாங்களாம்."

"அப்படியா," என்றாள் நோரீன். பின்னல் கம்பிகள் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடின.

ஆளைப் பார்த்து முடிவு செய்ய டப்ளினிலிருந்து ஒரு அம்மா வருவதாகத் தகவல் வந்தது. பெயர் உபெண்டோ. ஞோம்பேக்காரி, அந்தப் பால் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருத்தி. அயர்லாந்துக்கு வந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாக ஆகவில்லை. தேதி பேசி முடிவு செய்தது நோரீன்தான். போனில் ரொம்ப நேரம் பேசினாள். கோர்மக்குக்குக் கேட்கவில்லை, அவர் கோழிக்கூட்டில் இருந்தார்.

உபெண்டோ அம்மா வந்தார். பெரிய சிரிப்பு, அதைவிடப் பெரிய கோட்டு. கோர்மக் பணிவாக ஆரம்பித்தார்.

"டீ குடிக்கிறீங்களாம்மா?"

"குடிக்கிறேன். சர்க்கரை மூணு கரண்டி."

கோர்மக்கின் நாக்கு நுனியில் இரண்டாவது உபசாரம் தயாராக நின்றுகொண்டிருந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டுக் கெட்டிலை வைக்கப் போனார்.

அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கொடியில் துணி வெள்ளை வெளேரென்று ஆடியது.

"யாரு துவைச்சது?"

"நான்தாம்மா."

"ரொட்டி?"

"நான்தான்."

"மாடு, கோழி?"

"எல்லாம் கோர்மக்தான்," என்றாள் நோரீன். "நான் ஒரு துரும்பை எடுத்துப் போட்டே ரொம்ப நாளாச்சு."

"இப்படி ஒரு ஆம்பளையா!" என்று உபெண்டோ அம்மா கையைத் தட்டினார். "எங்க ஊர் ஆம்பளைங்களுக்கு உங்களை போட்டோ எடுத்துக் காட்டணும்."

கோர்மக்கின் மார்பு சட்டைப் பொத்தான்களைச் சோதித்தது. வெயிலுக்குக்கூட உடம்பைத் தயார் செய்துவிட்டேன் என்று தக்காளிக் கூடாரத்தைப் பற்றிச் சொன்னார்.

"வெயிலா? ஞோம்பே மலை ஐயா. ஜூன் மாசம் பல்லு கிட்டும். ஸ்வெட்டர்தான் வேணும்."

நோரீன் பின்னலை மடியில் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

பிறகு சீஸ் வந்தது. அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, திறந்தார்.

"இது யாரு செஞ்சது?"

"நாங்க," என்றார் கோர்மக்.

"நாங்கன்னா?"

"கை அவளோடது. வண்டி என்னோடது."

உபெண்டோ அம்மா கப்பைக் கீழே வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோர்மக் ஐயா, எங்க பொண்ணுங்க ரொம்ப நாளாக் காத்துக்கிட்டிருக்காங்க. ஒருத்தர்தான் வரமுடியும், ஒரு அறைதான் இருக்கு. கேக்கறேன். நீங்க வர்றீங்களா?"

எத்தனை மாசத்து உழைப்பு இந்த ஒரு கேள்விக்காக! விரிப்போடு போட்ட மல்யுத்தம், தின்ற களி, வெந்த மத்தியானங்கள். கோர்மக்கின் நெஞ்சு 'வர்றேன்' என்று கத்தியது. வாய், பாலிகர்ராவில் வளர்ந்த வாய்.

"ஐயோ, நானா? வேணாம், வேணாம். என்னைவிட நல்ல ஆளுங்க எத்தனையோ பேர் இருப்பாங்க."

உபெண்டோ அம்மாவின் புருவம் ஏறியது. "நிஜமாவா? யோசிச்சுச் சொல்லுங்க. வரலையா?"

ஆஹா, இரண்டாவது! எவ்வளவு நல்ல அம்மா, எவ்வளவு முறையாகக் கேட்கிறார்!

"எதுக்கும்மா உங்களுக்கெல்லாம் சிரமம்," என்றார் கோர்மக் குழைந்து.

சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, மூன்றாவதுக்காகக் காத்திருந்தார். பதில்கூடத் தயார்: 'சரி, நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்களேங்கிறதுக்காக.' கூரையில் மழை பெய்தது. கடிகாரம் நடந்தது. கோர்மக் சிரித்த முகமாக இருந்தார்.

மூன்றாவது வரவில்லை.

"சரிங்க," என்று பெருமூச்சு விட்டார் உபெண்டோ அம்மா. "வற்புறுத்தமாட்டேன். உங்க வீட்டம்மா போன்லயே சொன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு கிடையாது, சொன்னா சொன்னதுதான்னு."

கோர்மக் பெண்டாட்டியைப் பார்த்தார். வந்தவருக்குத் தெரியாவிட்டால் வீட்டுக்காரி எடுத்துக்கொடுக்க வேண்டும். அதுதான் ஊர் வழக்கம். 'அட, வர்றேன்னு சொல்லேன், மனுஷா' என்று ஒரு வார்த்தை. முழங்கையால் ஒரே ஒரு இடி. கண்ணால் கெஞ்சினார். புருவத்தால் கெஞ்சினார். நோரீன் வாயைத் திறந்தாள்.

"இன்னும் கொஞ்சம் சீஸ் வெக்கட்டுமா?"

"வைங்க," என்றார் அம்மா. மென்றார். மென்றபடியே நோரீனைப் பார்த்தார். "மாமா நோரீன், இது உங்க கை. அப்ப நீங்க வர்றீங்களா?"

"வர்றேன்."

"நோரீன்!" கோர்மக் துள்ளி எழுந்தார். ஆப்பிரிக்கா போனதைவிட மானம் போனது அவரை உலுக்கியது. "முதல் தடவையிலேயேவா!"

நோரீன் அவரைக் கவனிக்கவில்லை. "அஸந்தே ஸானா," என்று சுவாஹிலியிலேயே நன்றி சொல்லி உபெண்டோ அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா மகிழ்ந்துபோய் அதே பாஷையில் ஏதோ கேட்டார். நோரீன் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். கோர்மக்குக்கு அதில் 'மஸிவா' ஒன்றுதான் புரிந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம். நான் சொன்ன வேணாம், வேணாம் இல்லம்மா."

"பின்ன?"

"அது வந்து... மரியாதைக்குச் சொல்ற வேணாம்."

உபெண்டோ அம்மா இரக்கத்தோடு பார்த்தார். "ஐயா, எங்க ஊர்ல வேணாம்னா வேணாம்தான். அங்க வந்து சோறு வேணுமான்னா வேணாம்பீங்க. காய்ச்சலுக்கு மாத்திரை வேணுமான்னா வேணாம்பீங்க. நாங்களும் நம்பிடுவோம். ஒரே மாசத்துல உங்களைப் புதைக்க வேண்டியதாயிடும்."

கோர்மக் கடைசி அம்பை எடுத்தார்.

"நீ போயிட்டா வீடு?"

"மாடு யாரு கறக்கறா, கோர்மக்?"

"நான்."

"ரொட்டி யாரு சுடறா?"

"நான்தான், ஆனா..."

"துணி?"

கோர்மக் உட்கார்ந்துவிட்டார். அவளுக்குக் கேள்வி தீரவில்லை. அவருக்குப் பதில் தீர்ந்துவிட்டது.

விருந்தாளி போனபிறகு இருவரும் அடுப்போரம் இருந்தார்கள்.

"நீ இதுக்குத்தான் என்னைத் துவைக்க வெச்சியா?"

"முதல்ல இல்ல. முதல்ல நீ ஒரு வாரத்துல விட்டுருவன்னு நெனச்சேன். நீ விடல. விடாம நீ பழகப் பழக, இங்க எனக்கு வேலை இல்லாமப் போச்சு. ஞோம்பேயை நெனைக்க நேரம் கெடச்சுது."

"ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லியிருக்கலாமே."

நோரீன் நெருப்பைப் பார்த்தாள். "இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து, எங்கயாவது வர்றியான்னு என்னை யாரும் ஒரு தடவை கேட்டதில்ல, கோர்மக். நீயும் கேட்டதில்ல. இன்னிக்குக் கேட்டாங்க. ரெண்டாம் தடவை கேக்கறாங்களான்னு பொறுத்துப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

கோர்மக் எழுந்துபோய் டீ போட்டார். அவளுக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை; கொண்டுவந்து வைத்தார். அவளும் வேணாம் சொல்லவில்லை.

"ஊருக்கு என்ன சொல்றது?" என்றார் பிறகு.

"நான்தான் அனுப்பி வெக்கறேன்னு சொல்லு."

சொன்னார். முதல் கடையில் சொல்லும்போது குரல் கம்மியது. மூன்றாவது கடையில் அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. "பொம்பளைன்னா அடுப்படியிலேயே கெடக்கணுமா? நான்தான் பிடிவாதமா நின்னேன்," என்று பட்சியின் தோளில் தட்டிச் சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார்.

புறப்படும் நாளில் பஸ் நிறுத்தத்தில் ஊரே நின்றது. நோரீன் தான் பின்னிய கனத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, சீஸ் அறுக்கும் கம்பியும் அழுத்துகிற அச்சும் வைத்த பெட்டியோடு வந்தாள். கோர்மக்கின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "கொல்லை அறையில இருக்கிற சீஸைத் திருப்பி வெப்பியா?" என்று கேட்டாள். கடைசியாகவும் ஒரு கேள்விதான். பிறகு பட்சியின் காதில் ஏதோ சொன்னாள். பஸ் ஏறினாள். படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். கல்யாணப் போட்டோவுக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பைக் கோர்மக் பார்த்ததில்லை.

பஸ் போனது. கூட்டம் கலைந்தது. மழை பிடித்தது. கோர்மக்கும் பட்சியும் மட்டும் நின்றார்கள்.

"ராத்திரி நம்ம வீட்டுல சாப்பிட வர்றியா, கோர்மக்? பன்றிக்கறியும் முட்டைக்கோசும் வேகுது."

காலையிலிருந்து கோர்மக் ஒன்றும் சாப்பிடவில்லை. பன்றிக்கறி என்ற சொல்லுக்கே வாயில் நீர் ஊறியது.

"ஐயோ வேணாம், வேணாம். உனக்கெதுக்குச் சிரமம்."

"அப்பச் சரி," என்று பட்சி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார்.

"பட்சி! ஏ பட்சி! ரெண்டாம் தடவை கேக்கவே இல்லையே?"

"ஒரு தடவைக்கு மேல கேக்காதேன்னு நோரீன் சொல்லிட்டுப் போயிருக்கா," என்றார் பட்சி திரும்பாமலே. சீட்டியடித்துக்கொண்டே மழைக்குள் போய்விட்டார்.